வரிக்குதிரைக்குக் கட்டிய சாரன்

போன பெருநாள் லீவில் மகனும் மருமகளும் என்னைத் தெற்கே ஒரு மிருகப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். மிருகங்களைக் கூட்டில் அடைத்து வைத்திருக்கும் இடம் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே பார்த்தால் கம்பி அடித்த பஸ்ஸுக்குள் எங்களைத்தான் அடைத்தார்கள். மிருகங்கள் வெளியே காற்று வாங்கிக்கொண்டு திரிந்தன. ஒரு படலை திறந்து, எங்களை உள்ளே விட்டு மூடி, அடுத்த படலை திறந்ததும் 'ஆப்பிரிக்கப் புல்வெளி' என்று பலகை. முழங்கால் உயரப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை மாதிரி மரம். தூரத்தில் வரிக்குதிரைகள் நின்றன.

பஸ்ஸில் வழிகாட்டியாக வந்த ஒரு இளம் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னது. இந்த வகை வரிக்குதிரை சொந்த நாட்டிலேயே குறைந்துகொண்டு போகிறதாம். அதனால்தான் பல நாட்டுப் பூங்காக்கள் தங்களுக்குள் ஆணையும் பெண்ணையும் மாற்றிக் கொடுத்து, குட்டி போட வைத்து, வமிசம் அறுந்து போகாமல் காப்பாற்றுகின்றனவாம். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். நானும் கேட்டேன். பிறகு அந்தப் பிள்ளை, "குட்டி பிறந்தவுடன் தாய் மற்ற ஒன்றையும் கிட்ட வர விடாது. தன்னுடைய கோடும் வாசமும் குட்டிக்கு மனதில் பதியும் வரைக்கும் தனியாகவே வைத்திருக்கும்" என்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை, குலுங்கிக் குலுங்கி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாலு பேர் பார்த்தாலே கூசிப் போகிறவள் நான். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அதற்குள்ளும் சிரித்தேன். மருமகள் பயந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். "வீட்ட போய்ச் சொல்றன்" என்றேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்தில் எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். மாமா என்றால் உம்மாவின் தம்பி. அவர் செய்து பார்க்காத வியாபாரம் இல்லை. கருவாடு, தும்புக் கயிறு, சைக்கிள் டயர் எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் ஒரு பேல் கட்டு நிறைய, ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரன் எடுத்துவந்தார். வெள்ளைத் துணியில் நெருக்கமாகக் கறுப்புக் கோடு. ஊரில் ஒருவரும் வாங்கவில்லை. "இதக் கட்டிக்கிட்டு ரோட்டால போனா, மறியல் வீட்டிலிருந்து ஓடி வந்தவன் எண்டு பொலிஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று சந்தையில் பகிடி பண்ணினார்கள். மாமா விடுவாரா? தானே கட்டிக்கொண்டார். தன்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கும் கொடுத்தார். மிச்சம் மாமியின் அலுமாரி நிறையக் கிடந்தது.

அந்த நாளில்தான் கப்பல் வந்தது. அது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பலே இல்லை. கொழும்பில் கப்பல்கள் வரிசையில் நின்றனவாம். உள்ளே மிருகங்கள் வாடிப் போகின்றன என்று கப்டன் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். கொழும்புப் பக்கத்து மிருகக்காட்சிசாலைக்கு என்று ஆப்பிரிக்காவிலிருந்து அனுப்பிய ஐந்து வரிக்குதிரைகள் எங்கள் குடாவில் இறங்கின. நோய் நொடி இருக்கிறதா என்று கொஞ்சக் காலம் தனியாக வைத்துப் பார்க்கவேண்டும் என்பதால், சீனக்குடாவில் ஒரு பழைய புல்வளவைச் சுற்றிப் பலகை அடித்து அங்கே விட்டார்கள். புல் கொடுக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார்.

கிண்ணியாவிலிருந்து சீனக்குடாவுக்குப் போக அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் புல்லுக்கட்டுகளோடு மாமாவும் புல் வெட்டுகிற மூன்று பேரும் ஒரே மாதிரிக் கோட்டுச் சாரன் கட்டிக்கொண்டு பாதையில் ஏறி நிற்கும்போது பார்க்கிறவர்கள் சிரித்து, அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்டுக் கேட்பார்கள்.

"என்ன காக்கா, குதிரைக்குப் புல் கொண்டு போறீங்களா, சொந்தக்காரரைப் பாக்கப் போறீங்களா?"

"சிரிங்க, சிரிங்க. குதிரை கூட எங்கட சாரன்தான் கட்டியிரிக்கு. உங்களுக்குத்தான் பிடிக்கல்ல" என்பார் மாமா.

வரிக்குதிரைகளைப் பார்த்துக்கொள்ள கொழும்பிலிருந்து ஒரு மிருக வைத்தியர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஒல்லியான மனிதர், காக்கிக் காற்சட்டை. எல்லோரும் டொக்டர் ஐயா என்றோம். அவர் மாமாவை அண்ணன் முறையில் 'நானா' என்பார். வளவுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார். ஒரு குதிரை தும்மினால்கூட எழும்பி ஓடுவார்.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை அதில் ஒரு குதிரை குட்டி போட்டது. வயிற்றில் குட்டியோடுதான் கடல் கடந்து வந்திருக்கிறது! செய்தி எப்படிப் பரவியதோ, காலை வெயில் ஏறுவதற்குள் டவுனிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சனம் வந்து குவிந்துவிட்டது. பலகையில் ஏறி நின்றார்கள். ஐஸ்பழக்காரன்கூட மணியடித்துக்கொண்டு வந்தான். தாய்க்குதிரை குட்டியைத் தன் பின்னால் ஒளித்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடியது. டொக்டர் ஐயா கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமி என்னையும் கூட்டிக்கொண்டு பாதையேறினார். வளவுக்கு வந்து சனத்தைப் பார்த்ததும் மாமியின் முகம் சிவந்துவிட்டது.

"பிள்ளப் பெத்தவள இப்பிடியா ஊர் பாக்க வைக்கிற? அவளும் ஒரு தாய்தானே! மறைப்பு எங்க? நாப்பது முடியும் மட்டும் அந்நியக் கண் படக் கூடாது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதா?"

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை நாற்பது நாளைக்கு அறையில் வைத்து, வாசலுக்குத் திரை போட்டு, கண்ணூறு படாமல் காப்பார்கள். மாமிக்கு இரண்டு கால் என்றும் நாலு கால் என்றும் வித்தியாசம் இல்லை. ஒரு ஆளை அனுப்பி அலுமாரியில் கிடந்த சாரன் துணியெல்லாம் எடுப்பித்தார். தைக்காத நீளத் துணிகள். வளவில் ஒரு மூலையைப் பிரித்து, சுற்றிவரக் கயிறு கட்டி, தாயும் குட்டியும் உள்ளே இருக்க நாலு பக்கமும் தொங்கவிட்டார். ஒரு இடத்தில் துணி போதவில்லை. மாமாவின் பையைத் திறந்து, அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கென்று தைத்து மடித்து வைத்திருந்த புதுச் சாரனையும் எடுத்துக் கட்டினார்.

சனத்துக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஐஸ்பழக்காரன் முதலில் போனான். பின்னால் மற்றவர்கள் போனார்கள். டொக்டர் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நீங்கள் செய்தது பெரிய உதவி. இனித்தான் அது அமைதியாப் பால் குடுக்கும்."

மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் காலையில் மிளகு, உள்ளி, மஞ்சள் எல்லாம் அரைத்துப் பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம் கிண்டிச் சட்டியோடு கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. நானும் கூடவே வந்தேன். டொக்டர் ஐயா காயத்தைக் குதிரைக்குக் கொடுக்க விடவில்லை. மணந்து பார்த்து, விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, பிறகு பாணோடு முழுவதையும் தானே சாப்பிட்டுவிட்டார். ஆனால் சாப்பிடும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

குட்டி பால் குடிக்கவில்லை.

பிறந்த கையோடு ஒருமுறை குடித்ததை வளவில் இரவு நிற்கும் காவல்காரர் கண்டாராம். அதற்குப் பிறகு இல்லை. தாய் கனைத்துக் கூப்பிடுகிறது, மடி கனத்து நிற்கிறது. குட்டியோ திரைக்குக் கிட்டப் போய் நிற்கிறது. அங்கிருந்து அடுத்த திரைக்குப் போகிறது. போத்தலில் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டது. வெள்ளி காலையில் அது காலை மடித்துப் படுத்துவிட்டது. தூக்கி நிறுத்தினாலும் மடங்கி விழுந்தது.

"இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள குடிக்காட்டில், இது பிழைக்காது" என்றார் டொக்டர் ஐயா.

மாமா ஆறுதல் சொல்லப் பார்த்தார். "அல்லாஹ் காப்பாத்துவான். இல்லாட்டியும் அந்த நாட்டுல எத்தினை குதிரை இரிக்கும், ஐயா!"

"அப்பிடி இருந்தால் நான் ஏன் நானா இந்த நுளம்புக்கடியில கிடக்கிறன்? சுட்டுச் சுட்டு முடிக்கிறாங்கள். இதுகள் அஞ்சும் இங்க பெருகவேணும் எண்டுதான் இவ்வளவு பாடு. இங்க பிறந்த முதல் குட்டி இது."

நான் திரையை விலக்கிப் பலகை இடுக்கால் குட்டியைப் பார்த்தேன். கோடு இன்னும் கறுக்கவில்லை. தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு பழுப்பு. காது இரண்டும் பெரிதாக, கண் மூடியபடி கிடந்தது. மூச்சு விடும்போது விலா எலும்பு தெரிந்தது.

மாமி தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு மரத்தடியில் இருந்துவிட்டார். டொக்டர் ஐயா போத்தலோடு குட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். ஜும்ஆவுக்கு நேரம் வந்தது. மாமா கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து பையைத் திறந்தார்.

"என்ட சாரன் எங்க?"

மாமி வாயில் ஓதலோடு திரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"என்ட ஜும்ஆச் சாரன! குதிரைக்கு! நான் இந்தச் சேத்துச் சாரனோட எப்பிடிப் பள்ளிக்குப் போற?"

"மெதுவாக் கதைங்க. அங்க ஒரு உசிரு ஊசலாடுது."

மாமா என்னைத் தேடிப் பிடித்தார். "புள்ள, சத்தமில்லாமப் போய் அதக் கழட்டிக்கிட்டு வா. ஆரோடயும் கதைக்கத் தேவையில்ல."

ஆரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை என்றால் அது எனக்குத்தான். பலகையில் ஏறிக் கயிற்றிலிருந்து சாரனை இழுத்தேன். அது வெளியே விழாமல் உள்ளே விழுந்துவிட்டது. டொக்டர் ஐயா போத்தலுக்குப் பால் எடுக்க அந்தப் பக்கம் போயிருந்தார். தாய்க்குதிரை தூர மூலையில் நின்றது. பலகை இடுக்கால் நுழைந்து உள்ளே போய், சாரனை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். மழைக்கு வாப்பாவின் சாரனைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம்; கை தானாகச் செய்துவிட்டது.

பின்னால் ஒரு சத்தம். மெல்லிய, கிறீச்சென்ற சத்தம்.

திரும்பிப் பார்த்தால், எழும்பவே ஏலாது என்று கிடந்த குட்டி எழும்பி நிற்கிறது. நாலு காலும் நாலு பக்கம் தள்ளாட, என்னை நோக்கி வருகிறது. நான் ஒரு எட்டு வைத்தேன், அதுவும் வைத்தது. நான் ஓடினேன், அதுவும் ஓடியது. சாரனின் தொங்கலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கிவிட்டது. இதைப் பார்த்ததும் தாய் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு புறப்பட்டது.

"உம்மோவ்!" என்று நான் கத்தியது துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். வாய் திறக்காத பிள்ளை என்று பெயரெடுத்த நான்!

முன்னால் நான், என் பின்னால் குட்டி, குட்டிக்குப் பின்னால் தாய், தாய்க்குப் பின்னால் போத்தலோடு டொக்டர் ஐயா என்று அந்தச் சின்ன மறைப்புக்குள் சுற்றினோம். பலகை இடுக்கு எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் டொக்டர் ஐயா என்னை ஒரு கையால் வாரி எடுத்துப் பலகைக்கு வெளியே மாமாவின் கையில் போட்டார். சாரனும் என்னோடு வந்தது. குட்டி பலகையில் மூக்கை வைத்து என்னைப் பார்த்து அழுதது. பிறகு அடுத்த திரைக்குப் போய் அதைச் சப்பியது.

டொக்டர் ஐயா அப்படியே நின்றார். குட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான் ஒரு மடையன்! நாலு பக்கமும் தாயைத் தொங்கவிட்டிட்டுக் குடிக்கேல்லை எண்டு அழுறன்! கழட்டுங்கோ! எல்லாத்தையும் கழட்டுங்கோ! கோடு போட்ட துணி ஒண்டும் அதின்ர கண்ணில படக் கூடாது!"

புல் வெட்டுகிறவர்கள் பாய்ந்து திரைகளையும் என் தலையிலிருந்த சாரனையும் பிடுங்கிச் சுருட்டி மறைத்தார்கள். குட்டி இப்போது அவர்களைப் பார்த்துப் போகத் தொடங்கியது. அவர்கள் இடுப்பிலும் அதே சாரன்தானே!

"அதையும் கழட்டுங்கோ!"

மாமா ஈரத் தலையோடு விறைத்துப் போய் நின்றார். "ஐயா... இதையுமா?"

"அதையும்தான் நானா!"

மாமி "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முகத்தை மூடிக்கொண்டு என்னையும் மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்தார். ஆண்கள் நாலு பேரும் புல்லுக்கட்டுக்குப் பின்னால் ஓடினார்கள். மூன்று பேருக்குச் சாக்கு கிடைத்தது. மாமாவுக்குச் சாக்கும் கிடைக்கவில்லை. புல்லுக்கட்டுக்கு மேலாக அவருடைய தலை மட்டும் தெரிந்தது. "நேரம் போகுது! எனக்குப் பள்ளிக்குப் போகணும்!" என்று அந்தத் தலை கத்தியது.

டொக்டர் ஐயா கூடாரத்துக்குள் போய்த் தன்னுடைய இன்னொரு காக்கிக் காற்சட்டையைக் கொண்டு வந்து புல்லுக்கு மேலால் வீசினார். பிறந்ததிலிருந்து காற்சட்டை போடாத மாமா அன்றைக்குத்தான் போட்டார். ஒல்லி மனிதரின் காற்சட்டை. மாமாவின் வயிற்றுக்குக் கீழேயே நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவர் பள்ளிவாசலுக்கு ஓடினார். தொழ வைக்கும் ஹஸரத்தே ஓதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். நெடுங்காலம் மாமாவை ஊரில் 'துரை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆனால் மாமா ஓடிய அந்த நேரத்தில் வளவுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பலகையோடு ஒட்டி நின்று பார்த்தோம். உள்ளே இப்போது கோடு என்று ஒன்றுதான் இருந்தது. குட்டி நடுவில் நின்று சுற்றிப் பார்த்தது. தாய் மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது. குட்டி போகவில்லை. தாய் தானாக வந்து பக்கவாட்டில் நின்றது. குட்டி அந்தக் கோட்டை மணந்து பார்த்தது. முன்காலுக்குப் பின்னால் தேடியது, வயிற்றில் இடித்தது, இன்னும் பின்னால் போனது.

பிறகு அந்த வால் ஆடத் தொடங்கியது. சின்னத் துடைப்பம் மாதிரியான வால், நிற்காமல் ஆடியது.

"குடிக்குது! குடிக்குது!" என்று மாமி என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். சாக்குக் கட்டிய மூன்று பேரும் சாக்கைப் பிடித்துக்கொண்டே குதித்தார்கள். டொக்டர் ஐயா தரையில் இருந்து, கையில் இருந்த போத்தல் பாலைத் தானே மடமடவென்று குடித்தார்.

மாமி தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அன்று பின்னேரமே தென்னோலைக் கிடுகு கொண்டுவந்து மறைப்புக் கட்டுவித்தார். கிடுகில் கோடு இருக்கிறதா என்று டொக்டர் ஐயா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கட்டவிட்டார். கொஞ்சக் காலத்தில் மற்ற நாலு குதிரைகளையும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். தாயையும் குட்டியையும் மட்டும், "நாப்பது முடியாம அனுப்ப ஏலாது" என்று மாமி லொறி வரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார். டொக்டர் ஐயா கொழும்புக்கு என்ன எழுதினாரோ தெரியாது, நாற்பது முடியும் வரைக்கும் லொறி வரவில்லை. கடைசி நாள் மாமி பாற்சோறு காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார். மாமாவும் வந்தார், வெள்ளைச் சாரனோடு.

லொறி வந்ததும் எனக்கு அழுகை வந்தது. டொக்டர் ஐயா குனிந்து, "என்ன பிள்ளை, என்ன வேணும்?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அதுவரை ஒரு அந்நிய ஆணோடு நான் கதைத்ததில்லை. அன்றைக்குக் கதைத்தேன்.

"குட்டிய இஞ்சயே விடுங்க. டவுன் மான் மாதிரித் திரியட்டும்."

திருகோணமலை டவுனுக்குப் போனால் கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையிலும் மான்கள் ஆடு மாதிரித் திரியும். கடைக்காரன் வீசுகிற வாழைப்பழத் தோலைத் தின்னும். விரட்டினாலும் போகாது. மிருகம் என்றால் அப்படித்தான், எங்கும் இருக்கும், எப்போதும் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் சிரித்தார். என் தலையைத் தடவிவிட்டுப் போய்க் குட்டியைப் பார்த்தார். லொறிக் கதவை அடைத்தார். திரும்பத் திறந்து குட்டியைப் பார்த்தார். லொறி புறப்பட்டது. வளைவில் நின்றது, அவர் இறங்கிப் பின்னால் வந்து, லொறியை மூடிய படங்குத் துணியைத் தூக்கி, குட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு ஏறினார். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் திரும்பவும் லொறி நின்றது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன்: "டொக்டர் ஐயா நல்லவர் உம்மா. ஆனா பாவம், சரியான மறதி. ஒரே குட்டியத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிறார்."